கடைக்காரருக்குப் பிப்பள்ளு, நமக்குத் திப்பிலி

ஐதராபாத் பேகம் பஜாரில் நாட்டு மருந்துக் கடை முன் நின்று "திப்பிலி கொடுங்கள்" என்று கேட்டால் கடைக்காரர் விழிக்கக்கூடும். "பிப்பள்ளு" என்றால் உடனே எடுத்து நிறுப்பார். இந்தியில் பேசுவோருக்கு அது பீப்லி. யுனானி வைத்தியருக்குப் பில்பில் தராஸ். பெயர் நான்கானாலும் சரக்கு ஒன்றுதான். சுக்கு, மிளகு, திப்பிலி என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதைத் தெலுங்கர்கள் சொண்டி, மிரியாலு, பிப்பள்ளு என்கிறார்கள்.

மிளகின் பங்காளி

திப்பிலி மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெற்றிலையும் இதற்குப் பங்காளியே. 1753-இல் லின்னேயஸ் இதற்குப் பைப்பர் லாங்கம் என்று பெயரிட்டார். மிளகுக் கொடியைப் போல் மரத்தில் உயர ஏறாமல், நிழலும் ஈரமும் உள்ள தரையில் படரும் சிறு செடி இது. வேர் கட்டைபோல் தடித்திருக்கும். இலை வெற்றிலையை ஒத்தது. அடியிலைகளுக்குக் காம்பு நீளம். மேலிலைகள் காம்பின்றித் தண்டைத் தழுவி நிற்கும்.

ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் கதிர் மெலிந்து நீண்டிருக்கும். குட்டையாகப் பருத்த பெண் கதிரே கடைக்கு வருகிறது. நாம் ஒரு திப்பிலி என்று எடுப்பது ஒரு காயன்று. நெருங்கி ஒட்டிய பல நுண்ணிய காய்களின் தொகுப்பு. பழுக்கும் முன்பே பறித்து, கறுக்கும் வரை வெயிலில் காய வைப்பார்கள்.

ஆந்திரத்தில் விசாகப்பட்டினத்தை அடுத்த மலைப் பகுதிகளில் காயைவிட வேருக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். வேரையும் தண்டையும் துண்டு போட்டு உலர்த்தினால் அதுவே கண்டந்திப்பிலி. ஆனைத்திப்பிலி என்பது பெயரில்தான் திப்பிலி; அது சேம்பின் இனம்.

ரோமாபுரியில் கிராக்கி

ஒரு காலத்தில் மிளகைவிடத் திப்பிலிக்கே மதிப்பு அதிகம். முதல் நூற்றாண்டு ரோமாபுரியில் ஒரு ராத்தல் மிளகு 4 தினாரி, திப்பிலியோ 15 தினாரி என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் மிளகைக் குறிக்கும் பெப்பர் என்ற சொல்லே வடமொழிப் 'பிப்பலி'யிலிருந்து கிரேக்கம் வழியாகப் போனதுதான்.

பாட்டி கைப் பக்குவம்

சளி, இருமலுக்கு வறுத்துப் பொடித்த திப்பிலியைத் தேனில் குழைத்துத் தருவது நம் வீட்டு வழக்கம். உடம்பு வலிக்கும் அசதிக்கும் கண்டந்திப்பிலி ரசம். பிரசவ லேகியத்திலும் தீபாவளி லேகியத்திலும் இதற்கு இடமுண்டு. ஊரைவிட்டு வந்து ஓர் அறையில் நாலுபேர் தங்கியிருப்பவர்களும் வைத்துக்கொள்ளக்கூடிய ரசம் இது.

அளவு தேவை

ஆனால் அளவு மீறலாகாது. திப்பிலி, காரம், உப்பு மூன்றையும் நெடுநாள் மிகுதியாக உண்ண வேண்டாம் என்று சரகர் அன்றே எச்சரித்தார். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேளாமல் தொடக்கூடாது.

திப்பிலியின் காரத்துக்குக் காரணமான பைப்பரின், வேறு மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டக்கூடியது. இதைப் பயன்படுத்தியே ஜம்முவிலுள்ள அரசு ஆராய்ச்சிக் கூடம், காசநோய் மருந்தான ரிபாம்பிசினைக் குறைந்த அளவில் பைப்பரினோடு சேர்த்து ஒரு மாத்திரை உருவாக்கியது. அது 2009-இல் வெளிவந்தது. ஆகவே வலிப்பு, இரத்த உறைவு போன்றவற்றுக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுவோர், டாக்டரிடம் சொல்லாமல் திப்பிலிப் பொடியைத் தொடர்ந்து உண்பது ஆபத்து.

இன்னொன்று முக்கியம். காற்றோட்டமில்லாத அறைகளில் நெருக்கமாகத் தங்கும் நம் தொழிலாளிகளிடையே காசம் எளிதில் பரவும். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ரசத்தை நம்பி நாள் கடத்தாதீர்கள். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவை கண்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். எர்ரகட்டா அரசு மார்பு நோய் மருத்துவமனை போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் சளிப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் இலவசம்.

சாதாரணச் சளிக்குத் திப்பிலி நல்ல துணை. விடாத இருமலுக்கு டாக்டரே துணை. அரைநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.