படை வீரருக்கு டெட்டால் குளியல்!

"ஏனுங்ணா, பிளாஸ்டிக் குதிரை கரையுமுங்களா?"

குண்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எதிர்வீட்டுத் தம்பி வாசலில் நின்றான். திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் ஆபீசில் வேலை. கையில் எவர்சில்வர் டம்ளர். அதற்குள்... முந்தின நாள் ராத்திரி வரை குதிரையாக இருந்த ஒன்று, பாயசப் பதத்தில்!

"எதுல ஊறப் போட்டே?"

"தின்னர்லதானுங்ணா. பெயின்ட் உரியும்னாங்க."

உரிந்தது. கூடவே குதிரையும்!

விஷயம் இதுதான். ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம் கூடுதல் உயரமுள்ள படை வீரர்களை மேஜையில் நிறுத்தி, பகடை உருட்டி, டேப் வைத்துத் தூரம் அளந்து சண்டை போடும் விளையாட்டு ஒன்று உண்டு. சிரிக்காதீர்கள்! யானை, குதிரை, தேர், காலாள் என்று சதுரங்கம் ஆடிய பரம்பரை நாம். 1824-ல் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளுக்கு இப்படி ஒரு விளையாட்டைப் பயிற்சியாகவே வைத்தது. 1913-ல் எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்று விதிமுறைப் புத்தகமே போட்டார்.

பொம்மைகள் செகண்ட்ஹேண்டில் வந்தால் தொல்லை. ஆளுக்கு மூன்று கோட்டிங் பெயின்ட் அப்பியிருக்கும். மூக்கு எது, மீசை எது என்று தெரியாது. உரித்துவிட்டுத்தான் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

எப்படி உரிப்பது? முதலில், குளிக்கப் போகிறவர் யார் என்று பாருங்கள். கனமாக, தொட்டால் சில்லென்று இருந்தால் உலோகம். லேசாக இருந்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக். அசிட்டோன், தின்னர், பெட்ரோல் மூன்றும் பிளாஸ்டிக்குக்கு எமன். பாட்டியின் கொலு பொம்மையையும் இந்த வரிசையில் சேர்த்துவிடாதீர்கள். மண்ணும் காகிதக் கூழும் எதில் ஊறினாலும் போச்சு!

"நம்மூர்ச் சாயப்பட்டறையில காஸ்டிக் சோடா கிடைக்குமுங்களே?" என்றான் தம்பி. வேண்டவே வேண்டாம்! தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். ஈயம், வெள்ளீயம் கலந்த பொம்மையையும் அரிக்கும்.

உலோகம், பிளாஸ்டிக் இரண்டுக்கும் ஒத்துவரும் ஆசாமி, நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறார். டெட்டால்! தண்ணீர் கலக்காமல் மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். கையில் ரப்பர் கிளவுஸ், ஜன்னல் திறந்திருக்கட்டும். காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். முக்கியம்: பெயின்ட் முழுக்கப் போகும்வரை தண்ணீர் காட்டக் கூடாது. காட்டினால் எல்லாம் பிசினாக ஒட்டிக்கொள்ளும். புது டெட்டாலில் ஒருமுறை அலசி, பிறகுதான் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திர சோப்பும்.

மொபைல் ரிப்பேர் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் ஆகும். ஆனால் பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது, குப்பென்று பிடிக்கும். பிளீச்சிங் பவுடரோடு சேரவே கூடாது, விஷம் உண்டாகும். எதுவானாலும் ஒரு பொம்மையைச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் படையை இறக்குங்கள்.

"இனிமே தின்னரே வேண்டாமுங்ணா. திண்ணையில உட்கார்ந்து உப்புக் காகிதம் போட்டே தேய்ச்சுர்றனுங்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் திண்ணையில்தான் அவன் அக்கா குழந்தை தவழ்கிறது.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பழைய உலோக வீரர்களின் உடம்பிலேயே இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் வந்ததே 2016-ல். அமலானது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பெயின்ட்டுக்கு யார் ஜவாப்தாரி? காய்ந்த பெயின்ட்டைத் தேய்த்தால் தூசி பறக்கும். தரையில் படியும். குழந்தையின் விரலில் ஒட்டி வாய்க்குப் போகும். உள்ளே போகும் ஈயத்தில் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடம்பு இழுத்துக்கொள்ளும், 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிக்கப்படுவது மூளை.

ஆகவே உலர் தேய்ப்பு கூடாது. சமையலறைப் பாத்திரம் கூடாது (அந்த டம்ளரைத் தூக்கிப் போடச் சொன்னேன்!). வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழிவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். சாயத் தண்ணீர் நொய்யலை என்ன பாடு படுத்தியது, 2011-ல் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஏன் என்று நமக்கா தெரியாது? பனியன் வேஸ்ட்டில் ஊறவைத்து, குழந்தைகள் எட்டாத இடத்தில் காயவிட்டு, கவரில் கட்டிக் குப்பை வண்டியில் சேருங்கள்.

அடுத்த ஞாயிறு தம்பி வீட்டுப் பக்கம் போனேன். மொட்டை மாடியில் வரிசையாகப் பாட்டில்கள். தெருவெல்லாம் டெட்டால் வாசனை.

எதிரே வந்த பாட்டி பதறிக்கொண்டு கேட்டார்: "ஏஞ்சாமி, யாருக்குடா அடிபட்டுது?"

"இருபது சோல்ஜருக்குங்க பாட்டி!"