சேற்றுச் சைக்கிளும் நான்கு லீற்றர் தண்ணீரும்

கடந்த கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, நாம் குடியிருக்கும் மூன்றுமாடிக் கட்டடத்தின் வாசற்கதவில் ஒரு கடதாசி ஒட்டப்பட்டிருந்தது. படிக்கட்டிலும் நிலவறைப் பாதையிலும் சேறு காணப்படுவதாகவும், இது தொடருமானால் உரியவருக்கு எழுத்துமூல எச்சரிக்கை அனுப்பப்படும் எனவும் அதில் கண்டிருந்தது. பெயர் எதுவும் குறிப்பிடப்படவில்லை. ஆனால் அக்கட்டடத்தில் மழையிலும் பனியிலும் சைக்கிள் ஓடும் குடும்பம் எமது குடும்பம் ஒன்றே. வாடகை வீட்டில் எழுத்துமூல எச்சரிக்கை என்பது எத்தகைய செய்தி என்பதை, இந்த ஜேர்மனியில் வீடு தேடி அலைந்த வாசகர் எவருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை.

சேறு வந்த வழியைச் சொல்லிவிடுகிறோம். ஒரே சைக்கிளைத் தந்தையும் மகனுமாகப் பாவிக்கிறோம். வேலை நாட்களில் முதலாவது பேருந்து புறப்படுவதற்கு முன்னரே, அதிகாலை நான்கரை மணிக்கு நாம் அதில் வேலைக்குப் போகிறோம். சனி, ஞாயிறுகளில் பதினாறு வயது மகன் அதை எடுத்துக்கொண்டு நண்பர்களுடன் டாட்டெல்ன்-ஹம் கால்வாய்க் கரையோரமாக ஓடித் திரிகிறான். ஹம் நகரின் ஊன்ரொப் பகுதியில் 2002ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தீர்த்தத் திருவிழாவுக்குச் சென்றவர்கள் இக்கால்வாயை அறிவார்கள். கோடையில் அது நல்ல பாதை. ஐப்பசி பிறந்தால் இலைச்சருகும் சேறும் குழைந்து சில்லில் அப்பிக்கொள்ளும்.

ஊரில் இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. கிணற்றடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, தென்னந்தும்பால் தேய்த்து, பழந்துணியால் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டால் வேலை முடிந்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிளே பேருந்தும் பாரவண்டியும் நோயாளர் வண்டியுமாக இருந்தது. அதன் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலிச் செய்தியும் கேட்டோம். அப்படிச் சைக்கிளைப் பேணி வளர்ந்த நாம், இங்கே அதைக் கழுவுவதற்கு ஒரு முற்றமோ வெளிக்குழாயோ இன்றி மூன்றாம் மாடியில் நிற்கிறோம்.

கடதாசியைக் கண்ட அன்றே, அருகிலிருந்த எரிபொருள் நிலையத்தில் கார் கழுவும் இடத்துக்குச் சைக்கிளைக் கொண்டுசென்று, நாணயத்தைப் போட்டு, நீர்த்துப்பாக்கியை எடுத்து அடித்தோம். இரண்டு நிமிடத்தில் சைக்கிள் புதிதாக மின்னியது. மகன் கைதட்டினான். அந்தத் தைமாதம் முடியும்வரை வாராவாரம் அதையே செய்தோம். மாசி மாதத்து அதிகாலை ஒன்றில், வேலைக்குப் போகும் வழியில் பின்சில்லு அரைபடும் ஓசை எழுப்பி இறுகிக்கொண்டது. எஞ்சிய நான்கு கிலோமீற்றர் தூரமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். வேலைத்தலத்தில் பிந்தியமைக்கான குறிப்பு எழுதப்பட்டது.

திருத்துபவர் சில்லின் நடுக்குடத்தைக் கழற்றிக் காட்டினார். கிறீஸ் இருக்கவேண்டிய இடத்தில் பால்தேநீர் நிறத்தில் ஒரு கலவை வழிந்தது. உருளும் குண்டுகள் துருவேறிக் கிடந்தன. இது மழையால் வந்ததல்ல, அழுத்தநீர் அடித்ததால் வந்தது என்று அவர் ஒரே பார்வையில் சொன்னார். குடத்தின் ஓரத்திலுள்ள இறப்பர் அடைப்பு மழைச்சாரலைத் தடுப்பதற்காக வைக்கப்பட்டது. கூர்மையாகப் பாயும் நீர் அதன் விளிம்பைப் புரட்டிக்கொண்டு உள்ளே புகுந்துவிடும். புகுந்த நீர் வெளியேறாது. கிறீஸைக் குழைத்து உள்ளேயே தங்கிவிடும். பெடல் அச்சு, கான்டிலின் கழுத்து, முன்கவட்டின் அதிர்வுதாங்கி ஆகியவற்றுக்கும் இதே கதிதான். வெளியே மின்னும் சைக்கிள் உள்ளே துருப்பிடித்துக்கொண்டிருக்கும்.

இங்கே அழுத்தத்தின் அளவைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. நீரழுத்தத்தை 'பார்' என்னும் அளவால் குறிப்பர். வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தம் பொதுவாக 3 முதல் 4 பார். கார் கழுவுமிடத்துத் துப்பாக்கி 100 பாரை அண்டியது. வீட்டுப் பாவனைக்கென விற்கப்படும் மின்கருவிகளிலும், கேர்ஷர் நிறுவனத்தின் கே 2 என்னும் சிறிய வகையின் உச்ச அழுத்தமே 110 பார். முற்றத்துக் கல்லில் படிந்த பாசியை அகற்றும் விசை அது. அதைக் கிறீஸ் பூசிய இடத்துக்குப் பக்கத்தில் பிடித்த தவறு எம்முடையது.

கேர்ஷர் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 1935இல் அல்பிரெட் கேர்ஷர் என்பவர் ஸ்ருட்கார்ட் பகுதியில் தொடங்கிய நிறுவனம் அது. அப்பெயர் ஜேர்மன் மொழியில் வினைச்சொல்லாகவே மாறி அகராதியில் ஏறிவிட்டது. 2005ஆம் ஆண்டு, பிரான்சின் அன்றைய உள்நாட்டமைச்சர் நிக்கொலா சார்க்கோசி, எம்மவரும் பெருந்தொகையாக வாழும் லா கூர்னேவ் நகரின் குடியிருப்பொன்றைக் கேர்ஷர் கொண்டு சுத்தப்படுத்தப் போவதாகக் கூறினார். மனிதர் வாழும் இடத்தைக் கல்லில் படிந்த அழுக்காகக் கண்ட அப்பேச்சை அங்குள்ள வெளிநாட்டவர் இன்னும் மறக்கவில்லை. கருவி நிறுவனத்துக்கு அதில் பங்கில்லை. நாம் விடயத்துக்கு வருவோம்.

அண்மைக் காலத்தில் 'கையில் கொண்டுசெல்லும் கழுவுகருவி' எனப் பல வகைகள் கடைகளில் அடுக்கப்பட்டுள்ளன. இவை எவற்றுக்கும் வெளிக்குழாய் வேண்டியதில்லை. பற்றறியில் இயங்குவதால் மின்சாரச் செருகியும் வேண்டியதில்லை. இவற்றை ஆராய்ந்தபோது நாம் கண்டது இதுதான்: மாடிவீட்டில் வாழ்பவருக்குத் தேவைப்படுவது பெரும் அழுத்தம் அன்று, சேறு படிந்த இடத்துக்கு ஒரு குழாயைக் கொண்டுபோகும் வசதியே. பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பார் எண்ணைப் பார்த்து எவரும் மயங்கவேண்டாம்.

நண்பர் ஒருவரிடம் கேர்ஷரின் ஓ.சி. 3 என்னும் தொட்டி வகை இருந்தது. அதை இரண்டு வார இறுதிகளுக்கு இரவல் வாங்கினோம். தொட்டியில் 4 லீற்றர் தண்ணீர். அழுத்தம் 5 பார் மட்டுமே. நிமிடத்துக்கு 2 லீற்றர் வரை பாய்ச்சும். அதாவது விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றால் இரண்டு நிமிடத்தில் தொட்டி காலி. முதல் நாள் எமக்கு அதுவே நேர்ந்தது. முன்சில்லும் சட்டமும் முடிவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட, பின்சில்லு சேறோடு வீடு திரும்பியது. மறுவாரம் மகனே வழி கண்டான். சேறு காயுமுன், காட்டோரத்திலேயே முதலில் மெல்ல நனைத்து, தூரிகையால் கட்டிச் சேற்றைத் தள்ளிவிட்டு, இறுதியில் மட்டும் நீரை அடித்தான். நான்கு லீற்றரில் முழுச் சைக்கிளும் முடிந்து, காலணி கழுவவும் மிஞ்சியது. காய்ந்த சேற்றுக்கு இந்த அழுத்தம் போதாது என்பதையும் சொல்லவேண்டும். ஈரச் சேற்றுக்கு இதுவே தாராளம்.

பொஷ் நிறுவனத்தின் பொன்டுஸ் 15 லீற்றர் கொள்ளும் பெருந்தொட்டி. காரும் மூன்று பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு உகந்தது. எம்மைப்போல் மூன்றாம் மாடியிலிருந்து இறங்குபவர், தண்ணீரே 15 கிலோ என்பதை மனத்திற் கொள்க.

மூன்றாவது வகைக்குத் தொட்டி இல்லை. வேர்க்ஸ் நிறுவனத்தின் ஹைட்ரோஷொட் போன்ற துப்பாக்கிகள் ஒரு குழாயை வாளிக்குள் விட்டுத் தண்ணீரை உறிஞ்சுகின்றன. பிளாஸ்ரிக் போத்தலைப் பொருத்தியும் பாவிக்கலாம். இவற்றில் சில வகைகளின் அழுத்தம் 22 பார் வரை செல்லும். அகலமாக விரியும் வாயைப் பூட்டி, ஒரு கைநீளத் தூரத்தில் பிடித்தால் தீங்கில்லை. கூர்வாயைக் குடத்தருகே பிடித்தால் எமது மாசி மாதத்துக் கதை அவர்களுக்கும் நேரலாம். வீட்டில் அதே நிறுவனத்தின் துளைகருவி இருந்தால் அதன் பற்றறியே இதற்கும் பொருந்தக்கூடும் என்பது ஒரு இலாபம்.

பெயர் தெரியாத நிறுவனங்களின் மலிவுத் துப்பாக்கிகளைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பற்றறியின்மேல் 48 வோல்ற், 88 வோல்ற் என்று எழுதியிருப்பார்கள். உள்ளேயிருப்பவை வழமையாக ஐந்து லிதியம் கலங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.6 வோல்ற். ஐந்தையும் தொடராக இணைத்தால் 18 வோல்ற்; முழுதாக மின்னேற்றிய வேளையில் 21. எவ்வாறு எண்ணினாலும் ஐந்து கலங்கள் 88 ஆகா. பற்றறியில் பொய் எழுதும் விற்பனையாளர் மின்னேற்றியில் பாதுகாப்பு வைத்திருப்பார் என நம்ப எமக்குத் துணிவில்லை. குழந்தைகள் உறங்கும் வீட்டில் இரவிரவாக அதை மின்னேற்ற விடாதீர்கள்.

மின்மோட்டர் பூட்டிய சைக்கிள் வைத்திருப்போர் இன்னுமொரு படி கவனமாக இருக்கவேண்டும். பொஷ் மோட்டர்கள் பலவற்றில் ஐ.பி. 54 என்னும் குறியீடு உண்டு. அதன் இறுதி இலக்கமான 4, எப்பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. பாயும் நீருக்கு 5 இருக்கவேண்டும். அழுத்தநீர் அடிக்கவேண்டாம் என அவர்களின் கையேடும் கூறுகிறது. ஈரத்துணியும் தூரிகையுமே அங்கே போதும்.

இனி விலை. பற்றறி வகைகள் பெரும்பாலும் 100 முதல் 200 யூரோ வரையில் விற்கின்றன. 2025ஆம் ஆண்டில் இந்நாட்டில் கூட்டு விடுதியில் தங்கியிருந்த தனியொரு புகலிடக் கோரிக்கையாளருக்குரிய மாத உதவி 397 யூரோ. அவர் ஒரு கழுவுகருவிக்காக அதில் மூன்றிலொன்றைக் கொடுக்கவேண்டும் என்று எழுத எமது பேனா எழவில்லை. அத்தகையவருக்கு, ஏன் எமக்கும், தோட்டக்கடையில் வேறொரு பொருள் இருக்கிறது. கையால் அமுக்கிக் காற்றடைக்கும் 5 லீற்றர் தெளிகருவி. அழுத்தம் 3 பார் வரை. விலை 30 யூரோவுக்குள். அதை நாம் வாங்கிவந்த அன்று, கீழ்வீட்டு வாசலில் சந்தித்த ஊர்த் தம்பி ஒருவர் சிரித்தார்.

"அண்ணை, உது எங்கட மிளகாய்த் தோட்டத்திலை மருந்தடிக்கிற மெசின் எல்லோ?"

அதேதான். முதுகில் சுமந்ததை இப்போது கையில் தூக்குகிறோம், அவ்வளவே. பற்றறி இல்லை, ஓசை இல்லை. இருபது தடவை அமுக்கினால் ஒரு சில்லுக்குப் போதும். நீர் மெல்லியதாக வருவதால் தூரிகைக்கு வேலை அதிகம். மகனுக்கு இதில் திருப்தியில்லை. நண்பர்கள் முன்னிலையில் பம்ப் அடிக்க வெட்கப்படுகிறான். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வோம்: முன்பு கிருமிநாசினி ஊற்றிய பழைய தெளிகருவியை எவரிடமிருந்தும் வாங்கவேண்டாம்.

ஓசை இல்லாதிருப்பது சிறிய விடயம் அன்று. 2002ஆம் ஆண்டின் இயந்திர இரைச்சல் விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் உயரழுத்த நீர்க் கருவிகளை ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும், ஏனைய நாட்களில் இரவு 8 மணி முதல் காலை 7 மணி வரையும் வெளியில் இயக்கக்கூடாது. ஐந்து பார் சிறுகருவி உயரழுத்தக் கருவியாகுமா என்று சட்டநூலைக் காட்டி ஞாயிற்றுக்கிழமையில் அயலவருடன் வாதாடும் துணிவு எமக்கில்லை. வாசகருக்கும் அதைச் சிபாரிசு செய்யோம்.

கழுவும் இடமும் கவனத்துக்குரியது. பல இடங்களில் தெருவோர மழைநீர் வடிகால் நேரே ஓடையிற் சென்று சேர்கிறது. சவர்க்கார நீரும் செயின் எண்ணெயும் அதற்குள் போகலாகாது. வாகனம் கழுவுவது தொடர்பாக நகரசபைக்கு நகரசபை விதிகள் வேறுபடும். சேறு பட்ட இடத்திலேயே, வெறுந்தண்ணீரால் கழுவிவிட்டு வருவதே பாதுகாப்பு. மண் தன் இடத்திலேயே தங்கிவிடும், படிக்கட்டுக்கும் வராது. செயினை வீட்டுக்கு வந்ததும் பழந்துணியால் துடைத்து எண்ணெய் விடலாம். பிறேக் தட்டில் மட்டும் ஒரு துளி எண்ணெயும் படக்கூடாது. மாரியில் தெருவில் தூவும் உப்பு சேற்றைவிடப் பொல்லாதது. அக்காலத்தில் சேறில்லாத நாட்களிலும் ஒரு லீற்றர் தண்ணீராவது செயினிலும் சில்லிலும் விட்டுத் துடைப்பது நல்லது.

எந்தக் கருவியானாலும் முதல் உறைபனிக்கு முன், தொட்டியையும் குழாயையும் முழுதாக வடித்து, காற்று வரும்வரை விசையை அழுத்திவிட்டு வையுங்கள். உள்ளே தங்கிய நீர் உறைந்து விரிந்தால் பம்ப் வெடிக்கும். லிதியம் பற்றறியைக் குளிர்ந்த நிலவறையில் வைத்து மின்னேற்றாதீர்கள்; உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் அது கெட்டுவிடும். எமது தெளிகருவி இப்போது குளியலறை மூலையில், வாளிக்குப் பக்கத்தில் தலைகீழாகத் தொங்குகிறது. வாசற்கதவிலிருந்த கடதாசியைப் பங்குனியில் யாரோ கழற்றிவிட்டார்கள். பசைநாடாவின் அடையாளம் மட்டும் கதவில் இருக்கிறது.