மர உயரம்: நிழலா, அட்டையா, கருவியா?

வரப்பில் நிற்கும் தேக்கை விலை பேச வரும் வியாபாரி அண்ணாந்து பார்த்து, "அடிமரம் 20 அடி தேறும்" என்பார். விவசாயியும் தலையாட்டிவிடுவார். உண்மையில் அது 25 அடி இருந்தால் நட்டம் யாருக்கு?

கணக்கைப் பார்க்கலாம். நடுச்சுற்றளவு 3 அடி. அதில் கால் பங்கு முக்கால் அடி. இதை இதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவதுதான் மர வியாபாரத்தில் உள்ள வழக்கம். 20 அடிக்கு 11.25 கன அடி. 25 அடிக்கு 14 கன அடிக்குச் சற்று மேல். இந்தக் கால் சுற்றளவுக் கணக்கே உருண்டை மரத்தின் உண்மையான கன அளவில் சுமார் 78 சதவீதத்தைத்தான் காட்டும். நீளத்தையும் குறைத்துக்கொண்டால் இரட்டை இழப்பு.

காகித ஆலைக்குப் போகும் சவுக்குக்கும் தைல மரத்துக்கும் எடைதான் கணக்கு. அவற்றுக்கு உயரம் பார்த்து மெனக்கெட வேண்டாம்.

நிழல் முறை எளிது. 6 அடிக் கம்பை நேராக நட்டு, கம்பின் நிழலையும் மரத்தின் நிழலையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். கம்பின் நிழல் 4 அடி, மரத்தின் நிழல் 32 அடி என்றால் மரம் 48 அடி. காலை அல்லது மாலை வெயிலே ஏற்றது. திருவண்ணாமலைப் பகுதியில் சித்திரையிலும் ஆவணித் தொடக்கத்திலும் உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருவதால் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். ஆனால் தேக்குக்கு வேண்டியது முதல் பெருங்கிளை வரையுள்ள அடிமர நீளம். அந்த இடத்தின் நிழல் இலை நிழலுக்குள் மறைந்துபோகும்.

ஆகவே அடிமரத்துக்கு முக்கோண அட்டையே நல்லது. சதுர அட்டையை மூலைக்கு மூலை வெட்டினால் போதும். ஒரு குறும்பக்கம் செங்குத்தாக இருக்க, நூலில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். சாய்ந்த விளிம்பு வழியே கிளை பிரியும் இடம் தெரியும் வரை பின்னே நகர வேண்டும். நின்ற இடத்திலிருந்து மரத்தின் அடி வரையுள்ள தூரத்தோடு கண் உயரத்தைக் கூட்டினால் நீளம் கிடைத்துவிடும். நூலைக் கவனிக்க இன்னொருவர் இருந்தால் தவறு குறையும்.

கை பழகியதா என்று பார்க்க ஊரிலேயே அளவுகோல் இருக்கிறது: அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம், 217 அடி. ஆனால் கோபுரத்தின் அடி அகன்றது. உச்சிக்கு நேர் கீழிருந்துதான் தூரத்தைக் கணக்கிட வேண்டும். படர்ந்த புளியமரத்தின் உச்சியை அளக்கவும் இதே விதிதான்.

மலையடிவாரச் சரிவு நிலத்தில் மேலேயோ கீழேயோ நிற்காமல், மரத்தின் அடிக்குச் சமமான மட்டத்தில் பக்கவாட்டில் நிற்க வேண்டும். சாய்ந்த மரம் அளப்பவரை நோக்கிச் சாய்ந்திருந்தால் உயரம் கூடுதலாகக் காட்டும். இடமாகவோ வலமாகவோ சாய்ந்து தெரியும்படி நிற்பதே சரி.

வனத்துறையினர் பயன்படுத்தும் ரவி மல்டிமீட்டர், லேசர் கருவி போன்றவை நூற்றுக்கணக்கான மரங்களை அளப்பவர்களுக்கு உரியவை. பத்து இருபது மரம் வைத்திருப்பவருக்கு அட்டையும் டேப்பும் போதும். கைப்பேசியில் சாய்வு காட்டும் வசதி இருந்தால் 45 டிகிரிக்கு அதையும் பயன்படுத்தலாம்.

நின்ற மரத்தில் சுற்றளவை நாலரை அடி உயரத்தில் எடுப்பார்கள். நடுச்சுற்று அதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதால் வெட்டிய பின் மீண்டும் அளப்பது நியாயம். வியாபாரி வருமுன்பே மரத்துக்கு மரம் எண் போட்டு, நீளத்தையும் சுற்றளவையும் நோட்டில் எழுதி வைத்திருந்தால் பேரம் அந்த எண்ணிலிருந்து தொடங்கும்.