செடிக்குள்ளே ஒரு கணக்கு!

பாடிக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டர் தூரத்தில் மதுரவாயல். அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவர ஆராய்ச்சிக் கூடம் ஒன்று இருந்தது. 80 வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர், அங்கு மூலிகைகளை ஆராய்ந்து வந்தார். அவர்தான் ஜானகி அம்மாள்.

1897-ல் தலைச்சேரியில் பிறந்தவர். "பெண்ணுக்குப் படிப்பு எதற்கு?" என்று கேட்ட காலம் அது. அவரோ சென்னை மாநிலக் கல்லூரியில் தாவர இயல் படித்து, 1921-ல் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்கா சென்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1931-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

என்ன படிப்பு?

பூக்களின் பெயரை மனப்பாடம் செய்வது மட்டும் அல்ல. செடியின் உடல் மிகச் சிறிய அறைகளால் ஆனது. இவையே செல்கள். ஒவ்வொன்றிலும் நூல் போன்ற இழைகள் உண்டு. அவை குரோமோசோம்கள். தாய்ச் செடியின் குணம் கன்றுக்கு வருவது இவற்றால்தான். நெல்லுக்கு 24 இழைகள். தடித்த இனிப்புக் கரும்புக்கு 80! மைக்ராஸ்கோப் வைத்து இவற்றை எண்ணுவதில் ஜானகி அம்மாள் வல்லவர்.

புதுக் கரும்பு

கரும்பும் ஒரு புல் இனமே. 1934-ல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த அவர், அதை மக்காச்சோளம் முதலிய புல் இனங்களோடு கலந்து புதிய செடிகளை உண்டாக்கினார். 1977-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1984-ல் மதுரவாயலில் காலமானார்.

உங்கள் வீட்டுப் பெண், "நான் தாவர இயல் படிக்கிறேன்" என்றால், "அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். மதுரவாயல் அம்மாளின் கதையைச் சொல்லுங்கள்!