கடின நீர்த் தொட்டியில் பசுஞ்செடிகள்

சிப்பிகாட்டில் இருப்புப்பாதை இல்லை. அந்தமானில் எங்குமே இல்லை. ஆகவே சென்னையில் ரயில்வே எழுத்தராகக் காலந்தள்ளும் நான், ஆண்டுக்கொரு முறை விடுப்புப் பெற்று, மூன்று நாள் கப்பற் பிரயாணம் செய்து பிறந்த ஊர் சேருவது வழக்கம். சென்ற ஆண்டு வந்திறங்கியபோது என் தமக்கை மகன் வாசலிலேயே நின்று, "மாமா, ஒண்ணு தவிர எல்லா மீனும் செத்துப் போச்சு" என்றான்.

மலாவி ஏரியைத் தாயகமாகக் கொண்ட மஞ்சள் சிக்லிட் மீன்கள் ஆறினைத் தன் சேமிப்பில் வாங்கியிருந்தான், பாவம். கடைக்காரர் நீர்ச்செடி என்று கொடுத்தவற்றையும் நட்டிருந்தான். அவற்றுள் ஒன்று டிரசீனா. அது நிலத்துச் செடி, முழுதும் நீரில் அமிழ்ந்தால் அழுகிவிடும். மற்றொன்று கபோம்பா; மென்னீரை விரும்புவது. இரண்டும் அழுக, நீரின் பிராணவாயு குறைந்து அம்மோனியா பெருகியது. காரத்தன்மை மிகுந்த நீரில் அம்மோனியாவின் நஞ்சும் மிகுதியாகும். ஐந்து மீன்கள் ஓரிரவில் மாண்டன. எஞ்சிய ஒன்றைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் ஆராய வேண்டியது நீரை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டின் நெல்வயல்களில் கடல்நீர் புகுந்தது. எங்கள் வயலும் அதில் போயிற்று. மேட்டிலிருந்த கிணறு தப்பியது. ஆயினும் அதன் நீர் கடினமானது. துவரம்பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தில் வெண்சுண்ணம் படியும். தமக்கைக்கு இது பெருந்தொல்லை. மலாவி மீனுக்கோ இத்தகைய நீர் இசைவானதே. செடிகளின் நிலைதான் வேறு.

கடின நீரில் செடி வாடும் காரணத்தைச் சொல்கிறேன். இலைக்கு உணவாக வேண்டிய கரியமில வாயு, காரநீரில் தனித்து நிற்பது மிகக் குறைவு; பெரும்பகுதி பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது. அதைப் பிரித்துண்ணும் ஆற்றல் சில செடிகளுக்கே உண்டு. பள்ளிப் பாடத்தில் நாம் படம் வரைந்த வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் அத்தகையன. அவற்றின் இலைமேல் மெல்லிய வெண்பொடி படிவதைக் கண்டு அஞ்ச வேண்டாம்; பைகார்பனேட்டை உண்டபின் எஞ்சிய சுண்ணமே அது. இரும்புச் சத்தும் காரநீரில் எளிதிற் கிட்டாது. ஆதலால் இளந்தளிர் மஞ்சளிக்கும்.

இரண்டாவது சங்கடம் மீனின் சுபாவம். சிக்லிட் மணலைத் தோண்டும். பாறைமேற் பாசியை மேய்ந்து பழகிய இனங்கள் மென்மையான இலையையும் விடுவதில்லை. ஆகவே மணலில் நடாத செடிகளையே முதலிடத்தில் வைத்தேன். மேற்கு ஆப்பிரிக்காவின் அனுபியாஸ், ஆசியாவின் ஜாவாப் பெரணி ஆகிய இரண்டின் இலையும் தடித்தது, மீனுக்குச் சுவைப்பதில்லை. பருத்தி நூலாற் கல்லின்மேல் கட்டினால் போதும். கிழங்கு போன்ற தண்டை மட்டும் மணலில் புதைக்கலாகாது, புதைத்தால் அழுகும். இவற்றை ஈரச் செய்தித்தாளிற் சுற்றிச் சென்னையிலிருந்து கப்பலில் கொண்டுவந்தேன். மூன்று நாளும் வாடவில்லை. உடன் வந்த வாலிஸ்நேரியாவின் இலைகள் பாதி கருகின; எனினும் வேர் பிழைத்தது. மலாவி ஏரியிலேயே வளரும் இனமாதலால் அதைக் கைவிட மனமில்லை. சிறு மண்தொட்டிகளில் நட்டு, அடியைச் சுற்றிக் கூழாங்கல் அடுக்கினேன்.

அலங்காரத்துக்கெனக் கடற்கரைப் பவளத் துண்டுகளை எடுத்துவரப் புறப்பட்டான் மருமகன். தடுத்தேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளமும் அடங்கும், கரையொதுங்கியதாயினும் எடுக்கலாகாது.

இனிமேல் புதிதாக மீன் வாங்குவோர்க்கு ஒன்று சொல்வேன். சிக்லிட் என்றதும் ஆப்பிரிக்காவையே நினைக்க வேண்டுவதில்லை. நம் பழவேற்காட்டு ஏரியிலும் இலங்கையிலும் வாழும் செல்லக்காசு அவ்வினத்தது; விரலளவே வளரும்; உப்புக் கலந்த நீரையும் பொறுக்கும். அதன் குஞ்சுகள் பெற்றோரின் உடல்மேற் படிந்த கோழையை உண்டு வளர்வதைக் காண்பது தனி இன்பம். கேரளம் 2010-இல் மாநில மீனாக அறிவித்த கரிமீனும் இதன் உறவே. ஆனால் அது பாசியும் செடியும் தின்னும், முழங்கையளவு வளரும். அதற்குரிய இடம் தொட்டியன்று, குழம்புச்சட்டி என்பது என் தமக்கையின் தீர்ப்பு.

கோடையில் இங்கு நீருக்குப் பஞ்சம். வாரந்தோறும் தொட்டியிற் கால்பங்கு மாற்றுவதே போதும். இறைத்த நீரைத் தென்னங்கன்றுக்கு ஊற்றலாம். மழைக்காலத்தில் கூரைநீர் தாராளம். ஆயினும் அது மென்னீர், ஒரேயடியாக ஊற்றினால் மீன் தத்தளிக்கும். கத்தரித்த செடிகளை ஓடையில் எறியாமல் வெயிலில் உலர்த்திக் குப்பையிற் சேர்க்க வேண்டும். வேற்றுநாட்டுச் செடி தீவின் நீர்நிலையிற் பரவினால் அழிப்பது எளிதன்று.

இவ்வாண்டு வந்து பார்த்தேன். வாலிஸ்நேரியா மண்தொட்டிக்கு வெளியே கொடியோட்டி ஏழு கன்றுகள் ஈன்றுள்ளது. எஞ்சிய அந்த மஞ்சள் மீன் அனுபியாஸ் இலையடியில் பதுங்கியிருந்தது. அதற்குத் துணையாக நான்கு மீன்கள் வேண்டுமென்று மருமகன் கேட்கிறான். தமக்கையிடம் இன்னும் சொல்லவில்லை.