பழைய ஆட்டப் பொறிக்கு மறுவாழ்வு

பழுதடைந்த பொருளைப் புதியது போல் ஆக்குவது ஒரு திறமை. பழையதைப் பழையதாகவே வாழவைப்பது அதனினும் அரிய திறமை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறியாமையால், நல்லெண்ணம் கொண்டோர் கையாலேயே அரும்பொருள்கள் பல அழிந்துவிடுகின்றன. இவ்வுண்மையைக் காசு போட்டு ஆடும் பழைய மேசை ஆட்டப் பொறி ஒன்றைக் கொண்டு விளக்க விரும்புகிறோம்.

பொறி பிறந்த கதை

காசினால் இயங்கும் கருவி நேற்றுத் தோன்றியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹீரோன் என்னும் அறிஞர், கோயிலில் புனித நீர் வழங்கும் கருவி ஒன்றை விவரித்துள்ளார். துளையில் இட்ட காசு, உள்ளிருக்கும் நெம்புகோலின் ஒரு முனையில் விழும். காசின் எடையால் அம்முனை தாழும். மறுமுனை உயர்ந்து நீரின் அடைப்பைத் திறக்கும். காசு சரிந்து கீழே விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும்.

1871ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த மாண்டேகு ரெட்கிரேவ் என்பவர், பலகையில் குண்டுகளை ஓடவிட்டு ஆடும் 'பகடெல்' என்னும் ஆட்டத்தைத் திருத்தியமைத்தார். கோலால் குண்டைத் தள்ளுவதற்குப் பதிலாகச் சுருள்வில் பொருத்திய தள்ளுகோலை அமைத்து, அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

1931இல் சிகாகோ நகரில் டேவிட் காட்லீப் என்பவர் 'பேஃபிள் பால்' என்னும் மேசைப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் விலை 17 டாலர் 50 சென்ட். கடை மேசைமீது வைக்கத்தக்க ஒரு மரப்பெட்டி, மேலே கண்ணாடி, உள்ளே ஆணிகள் அடித்த சாய்வுப் பலகை, ஒரு தள்ளுகோல், சில குண்டுகள். இவ்வளவே அப்பொறி. மின்சாரம் கிடையாது. பெற்ற புள்ளிகளை ஆடுபவரே கூட்டிக்கொள்ள வேண்டும். ஆயினும் 50,000க்கும் மேற்பட்ட பொறிகள் விற்றன.

இதற்குக் காரணம் யாது? 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தம் அமெரிக்காவில் கோடிக்கணக்கானோரை வறுமையில் தள்ளியிருந்தது. அதே மந்தத்தில்தான் மலாயாவில் ரப்பர் விலை வீழ்ந்தது. நம் தோட்டத் தொழிலாளர் பலர் வேலையிழந்து கப்பலேறித் தாயகம் திரும்பினர். அத்தகைய காலத்தில் ஒரு சென்ட் காசுக்குச் சில நிமிடம் கவலையை மறக்க முடிந்தது ஏழை மக்களுக்குப் பெரிதாயிருந்தது.

எனினும் இதற்கு மற்றொரு முகமும் உண்டு. மிகுந்த புள்ளி பெற்றவர்க்குக் கடைக்காரர்கள் பரிசு தரவே, ஆட்டம் சூதாட்டத்தின் சாயலைப் பெற்றது. 1942இல் நியூயார்க் நகரம் இவ்வகைப் பொறிகளைத் தடை செய்தது. நகரத் தலைவர் லாகார்டியா சம்மட்டி கொண்டு அவற்றை உடைத்துக் காட்டினார். அத்தடை 1976இல்தான் நீங்கியது. உடைந்தவை போக எஞ்சிய பழம்பொறிகள் இன்று அரும்பொருள்களாக மதிக்கப்படுகின்றன.

சீராக்கும் முறை

முதல் வேலை கழற்றுவதன்று, பதிவு செய்வதே. பொறியை எல்லாப் பக்கமும் படம் எடுத்தல் வேண்டும். கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் தனித்தனி உறையிலிட்டு, அது எவ்விடத்தது என எழுதி வைத்தல் வேண்டும். பூட்டின் சாவி தொலைந்திருப்பின், உடைக்காமல் பூட்டுத் தொழிலாளியிடம் கொடுத்துத் திறத்தலே நன்று.

அடுத்தது தூய்மை செய்தல். மென்மையான தூரிகையால் தூசியை அகற்ற வேண்டும். பலகையின் வண்ணம் நீர் பட்டால் உரியக்கூடும். ஆதலால், நன்கு பிழிந்த துணியை முதலில் மறைவான ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்த பின்னரே மேலே செல்லலாம். அக்காலச் சாயங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதனைச் சுரண்டுவதோ உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதோ கூடாது. சிறுவர்கள் இவ்வேலையில் இறங்காமல், பெரியோர் செய்வதை அருகிருந்து காண்பதே தகும்.

இரும்புப் பகுதியில் ஏறிய துருவை, சிறிது எண்ணெய் தோய்த்த மெல்லிய இரும்புப் பஞ்சினால் மெதுவாகத் தேய்த்து நீக்கலாம். துத்தநாகக் கலவையில் வார்த்த பகுதிகளிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கலவை தூயதாக இல்லாவிடின், ஆண்டுகள் செல்லச் செல்ல அது உள்ளுக்குள்ளேயே வெடித்து உதிரும். அழுத்தித் திருகினால் கையோடு முறிந்துவிடும்.

காசு போடும் பகுதியே பொறியின் இதயம். காசு வைக்கும் துளையுள்ள ஒரு தகட்டை உள்ளே தள்ளுவதே பல பொறிகளின் அமைப்பு. துளை வெறுமையாயிருந்தால் உள்ளேயுள்ள சிறு தாழ் அதில் விழுந்து தகட்டைத் தடுக்கும். சரியான காசு துளையை நிரப்பினால், தாழ் காசின்மேல் வழுக்கிச் செல்ல, தகடு உள்ளே போகும். இங்கு எண்ணெய் ஊற்றுதல் தவறு. எண்ணெய் தூசியை ஈர்த்துப் பசையாக்கி, மீண்டும் சிக்க வைக்கும். பென்சிலின் கரியைப் பொடியாக்கிச் சிறிது தூவினாலே போதும்.

ஆணிகளை மாற்றாமல் நிமிர்த்துவதே முறை. ஓர் ஆணி மயிரிழை சாய்ந்தாலும் குண்டின் வழி மாறும். வழி மாறினால் ஆட்டமே மாறும். சுருள்வில் முறிந்திருப்பின் அதே பருமனுள்ள கம்பியால் ஆனதையே பொருத்த வேண்டும். வலுமிக்க வில்லை இட்டால் குண்டு பாய்ந்து கண்ணாடியைத் தாக்கும். இறுதியாக ரசமட்டம் வைத்துப் பொறி இடவலமாகச் சாயாதபடி நிறுத்த வேண்டும்.

எதைத் தொடாமல் விடுவது?

எல்லாம் முடிந்ததும் ஓர் ஆசை எழும்: "புதிதாய் வண்ணம் பூசினால் என்ன?" அங்கேதான் நாம் கையை நிறுத்த வேண்டும். தள்ளுகோலின் அருகே தேய்ந்து வெளுத்த இடம் கறையன்று; வறுமைக் காலத்தில் ஒரு சென்ட் காசோடு வந்து நின்ற எத்தனையோ கைகளின் சுவடு. வண்ணம் பூசிய மறுகணமே அச்சாட்சி மறைந்துவிடும், மீட்கவும் இயலாது. புதிய பாகம் சேர்க்க நேர்ந்தால், சேர்த்த ஆண்டை அதன் அடியில் எழுதி வைத்தல் நேர்மை. பின்னால் வருபவர் பழையது எது, புதியது எது எனப் பிரித்தறிவர்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்திலும் தாத்தாவின் வானொலியோ பாட்டியின் தையல் இயந்திரமோ ஒரு மூலையில் கிடக்கலாம். அதனைப் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன், பளபளப்பாக்க முனையுமுன், அது யார் கையில் உழைத்தது எனக் கேட்டு எழுதி வையுங்கள். ஓடாத பொருளைப் பிறகும் ஓடவைக்கலாம். அதன் கதையைச் சொல்லவல்ல பெரியோர் என்றும் நம்மோடு இரார்.