காண்ட்ராக்ட் இல்லாமல் ஒரு கல்யாணம்!
16 ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பமே கூடி நடத்தலாம்

இப்போது கல்யாணம் நடத்துவது சுலபம். ஒரு போன் போட்டால் போதும். காண்ட்ராக்ட்காரர் வந்துவிடுவார். மண்டபம், சாப்பாடு, மேடை, பூ, போட்டோ, மேளம் எல்லாம் அவர் பொறுப்பு. பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து நிற்க வேண்டியதுதான் பாக்கி!

பணம் மட்டும் நம் பொறுப்பு.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பல வீடுகளில் வட்டிக்கு வருகிறது. 2 லட்ச ரூபாயை 3 வட்டிக்கு வாங்கினால் மாதம் 6,000 ரூபாய் கட்ட வேண்டும். வருடத்துக்கு 72,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். பேரன் பிறந்து பள்ளிக்கூடம் போகிற காலத்திலும் தாத்தா வட்டி கட்டிக்கொண்டிருப்பார்.

வேறு வழி இருக்கிறது. கல்யாணத்தை நாமே நடத்துவது. இது புதிய யோசனை அல்ல. நம் பாட்டிமார் காலத்து வழிதான்.

ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஊர், மதுரை செல்லூர். அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. அம்மா வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறார். மகள் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறாள். தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம் 3 லட்ச ரூபாய். அம்மாவின் பழைய நகை கொஞ்சம்.

தை மாதம் நிச்சயம் ஆயிற்று. முகூர்த்தம் வைகாசியில். நடுவே 16 ஞாயிற்றுக்கிழமைகள். நாலு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு அன்று ஒரு நாள்தான். இந்த 16 நாளில் ஒரு கல்யாணத்தை நடத்தி முடிக்க முடியுமா? முடியும்.

யாரை அழைப்பது?

முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகக் கூடாது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டும். யார் யாரை அழைப்பது என்று எழுத வேண்டும்.

சண்டை இங்கேதான் வரும். வரட்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் வருவதைவிட இப்போது வருவது நல்லது.

அப்பா 800 பேர் என்பார். பட்டறைக்காரர்கள், தெருக்காரர்கள், பங்காளிகள், பழைய வீட்டு அக்கம்பக்கம் எல்லாரும் அதில் உண்டு. மகள் 400 என்பாள்.

"ஊரைக் கூப்பிடாமல் என்ன கல்யாணம், தாயி?"

"கூப்பிடுங்கப்பா. ஆனால் கடன் வாங்கிக் கூப்பிடாதீங்க. தம்பிக்கு இன்னும் ஒரு வருஷப் பீஸ் இருக்கு."

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு இலைக்கு 200 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், 400 இலை கூடினால் 80,000 ரூபாய் கூடும். இலைக்கு இனிப்பு ஒன்றைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் மிச்சம் சொற்பம். கல்யாணச் செலவு என்பது தலைக்கணக்கு. தலையைக் குறைத்தால்தான் செலவு குறையும். வந்தவருக்கு இனிப்பைக் குறைக்காதீர்கள்!

மாப்பிள்ளை வீட்டாரிடமும் அந்த வாரமே பேசிவிட வேண்டும். அவர்கள் பக்கம் எத்தனை பேர்? செலவில் அவர்கள் பங்கு எவ்வளவு? "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், ஊர் மெச்ச நடத்துங்கள்" என்பார்கள். ‘ஊர் மெச்ச’ என்றால் எவ்வளவு என்று கேட்டுக்கொள்வதில் தப்பில்லை. வரதட்சணை கேட்பதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். 1961-ஆம் ஆண்டிலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது.

மல்லிகை பார்த்து நாள் குறி!

முகூர்த்தம் ஏன் வைகாசியில்? ஜோசியர் சொன்னது ஒரு காரணம். பூக்காரர் சொல்வது இன்னொரு காரணம்.

மல்லிகை வெயில் காலத்துப் பூ. பங்குனி தொடங்கிச் செடி நிறையப் பூக்கும். மார்கழி, தை மாதங்களில் பனி விழும். பூ குறைந்துவிடும். ஆனால் தையில் முகூர்த்தங்கள் அதிகம். அதனால் மதுரை மல்லி கிலோ ஆயிரக் கணக்கில் ஏறிவிடும். 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பூ அல்லவா, கிராக்கிக்குக் கேட்கவா வேண்டும்!

வைகாசியிலும் முகூர்த்த நாளன்று விலை ஏறத்தான் செய்யும். ஆனால் தை மாதத்தைப் போலக் கையைக் கடிக்காது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். உதிரிப் பூவாக வாங்கி, வீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து கட்டினால் கட்டுக்கூலி மிச்சம். அத்தைமார், சித்திமார் வந்து உட்கார்ந்தால் பேச்சும் நடக்கும், பூவும் முடியும்.

தாலி கட்டுவது எங்கே?

மதுரைக்காரர்களுக்கு இதில் கவலை இல்லை. 8 கிலோமீட்டரில் திருப்பரங்குன்றம் இருக்கிறது. முருகன் தெய்வானையை மணந்த இடம். முகூர்த்த நாளில் அங்கே எத்தனையோ ஜோடிகளைப் பார்க்கலாம். கோவிலில் தாலி கட்டிவிட்டு, பக்கத்தில் சின்ன மண்டபத்தில் சாப்பாடு போடலாம். பெரிய மண்டபத்து வாடகை மிச்சம்.

கோவில் அலுவலகத்தில் வயதுச் சான்று, முதல் கல்யாணம் என்பதற்குச் சான்று எல்லாம் கேட்பார்கள். எதெது வேண்டும் என்று இரண்டு மாதம் முன்பே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மண்டபக்காரரிடம் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. கரண்டுக்கு யூனிட் எவ்வளவு? ஜெனரேட்டர் டீசல் யார் பொறுப்பு? சுத்தம் செய்ய எவ்வளவு? நாமே சமையல்காரரைக் கூட்டி வரலாமா? கடைசிக் கேள்விதான் முக்கியம். சில மண்டபங்களில் அவர்கள் ஆள்தான் சமைக்க வேண்டும் என்பார்கள். அங்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் நம் திட்டமே கவிழ்ந்துவிடும்.

ரயிலில் போய்ப் பானை வாங்கலாம்

இனிமேல்தான் ஊர் சுற்றல்!

ராமேசுவரம் பாசஞ்சர் ரயிலில் ஏறினால் மானாமதுரை. வைகைக் கரை ஊர். மண்பாண்டத்துக்குப் பேர்போனது. கச்சேரியில் வாசிக்கிற கடம் செய்கிற ஊரும் அதுதான். அரசாணிப் பானை, பாலிகைக் கிண்ணம், அகல் எல்லாம் அங்கே வாங்கலாம். சூளையில் இருந்து இறக்கிய பானையைத் தட்டிப் பார்த்து வாங்க வேண்டும். கணீரென்று கேட்டால் நல்ல பானை. மந்தமாகக் கேட்டால் எங்கோ விரிசல்.

வெறும் பானையாக வாங்கி வந்துவிடுங்கள். சுண்ணாம்பும் காவியும் வீட்டில் தம்பி பூசட்டும். கோடு கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். இருக்கட்டுமே! அக்காள் கல்யாணத்துக்கு அவன் செய்த சீர் அது.

கையோடு புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போனால் ஓட்டல் செலவும் இல்லை. ரயில் பெட்டியில் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கேட்டால் கண்ணில் தூசி என்பார். மாப்பிள்ளைக்கு வேலை கோயம்புத்தூரில். அடுத்த வருஷம் இதே ரயிலில் நாலு பேரும் சேர்ந்து ஏறுவது நடக்கிற காரியமா? காண்ட்ராக்ட் விட்டிருந்தால் பானை வீடு தேடி வந்திருக்கும். இந்த ரயில் பயணம் வந்திருக்காது.

இன்னொரு வாரம் சோழவந்தான். வெற்றிலைக் கொடிக்கால் பார்க்கப் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. 100 வெற்றிலை ஒரு கவுளி. தாம்பூலப் பைக்கு எத்தனை, பந்திக்கு எத்தனை என்று கணக்கிட்டுச் சொல்லிவிட்டு வரலாம். முதல் நாள் மாலை பறித்து அனுப்பச் சொல்லுங்கள். வாழை இலைக்கும் அந்தப் பக்கத்திலேயே பேசிவிடலாம்.

பத்திரிகையில் பெரியப்பா பெயர்

பத்திரிகை அடிக்கச் சிவகாசி. மதுரையில் இருந்து சுமார் 70 கிலோமீட்டர். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வளர்ந்ததுதான் சிவகாசி அச்சுத் தொழில்.

இதற்கு மட்டும் சனிக்கிழமை லீவு போட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமையில் அச்சகம் பூட்டியிருக்கலாம். பத்திரிகையைத் தலைக்கு ஒன்று அடிக்க வேண்டாம். வீட்டுக்கு ஒன்று போதும். 400 பேர் என்றால் 150 வீடு. 200 அடித்தால் தாராளம். அதிகம் அடித்தால் பத்திரிகை ஒன்றுக்கு விலை குறையும் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். மிச்சப் பத்திரிகையை வைத்து என்ன செய்வது? அதையும் யாருக்காவது கொடுத்தால், அவர்களுக்கும் இலை போட வேண்டுமே!

புரூப் வந்ததும் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும். தேதி, கிழமை, நேரம் சரியா? மூத்த பெரியப்பா பெயர் மேலே இருக்கிறதா? இல்லை, சித்தப்பாவுக்குக் கீழே போய்விட்டதா? தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் அவ்வளவுதான். கல்யாணம் முடிந்து பத்து வருஷம் ஆனாலும் அந்தப் பேச்சு ஓயாது.

வேலை முடிந்தால் அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாளைக் கும்பிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு ராத்திரிக்குள் வீடு வந்துவிடலாம்.

நகையும் சேலையும்

தெற்கு ஆவணி மூல வீதிக்கு அம்மாவும் மகளும் போகிறார்கள். பழைய நகையை மாற்றித் தாலியும் சங்கிலியும் வாங்க வேண்டும். நகையில் ஹால்மார்க் இருக்கிறதா என்று பாருங்கள். 916 என்றால் 1,000 பங்கில் 916 பங்கு தங்கம். அதோடு 6 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளக் குறி இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே சின்னத் தாலிப் பொட்டு வாங்குகிறவர்கள் தெரிந்த கடையில் வாங்குவது நல்லது. சேதாரம், செய்கூலி தனித்தனியாகப் போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

அத்தைமாருக்கு எடுத்துக் கொடுக்கச் சுங்குடிச் சேலை போதும். மதுரையின் சொந்தச் சேலை அது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதில் புள்ளிகள் அச்சடித்தாற்போல ஒரே மாதிரி இருக்காது. அதுதான் அடையாளம்.

மீனாட்சிக்கும் மொய்!

சித்திரைத் திருவிழா வாரத்தில் ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பஸ்ஸில் இடம் இருக்காது. மீனாட்சி திருக்கல்யாணம் பார்க்கப் போங்கள். சேதுபதி பள்ளியில் நடக்கிற கல்யாண விருந்தையும் பாருங்கள். முதல் நாளே ஊர்ப் பெண்கள் தாங்களாக வந்து காய் நறுக்குவார்கள். சாப்பிட்டவர்கள் அம்மனுக்கு மொய் எழுதிவிட்டுப் போவார்கள். அவ்வளவு பெரிய கல்யாணத்தையே ஊர் கூடிச் செய்கிறது!

வீட்டுக் கல்யாணத்துக்கும் அதே வழிதான். நல்ல தவசிப்பிள்ளை ஒருவரைப் பிடியுங்கள். அவர் சாமான் லிஸ்ட் கொடுப்பார். கீழமாசி வீதியில் மொத்தக் கடையில் நீங்களே வாங்குங்கள். லிஸ்டைப் பார்த்ததும் மலைக்க வேண்டாம். சாப்பாட்டுக்கு அரிசி 10 பேருக்கு ஒரு கிலோ என்பது சுமாரான கணக்கு. அதைவிட மிக அதிகமாக எழுதியிருந்தால் மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். பிரிக்காத மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கடையிலும் கேட்டு வையுங்கள். காய் நறுக்கச் சொந்தக்காரப் பெண்களைக் கூப்பிடுங்கள். அவரவர் அருவாமனையோடு வரச் சொல்லுங்கள்! அடுப்படியும் எண்ணெய்ச் சட்டியும் மட்டும் தவசிப்பிள்ளை ஆட்கள் கையிலேயே இருக்கட்டும். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

மொய் எழுத, கையெழுத்து நன்றாக உள்ள மாமா ஒருவரை உட்கார வையுங்கள். ஆனால் மொய்ப் பணத்தை நம்பிச் செலவைக் கூட்டாதீர்கள். மொய் வருமானம் அல்ல. திருப்பிச் செய்ய வேண்டிய கடன். வட்டி இல்லை, அவ்வளவுதான். ஆகவே அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பத்திரிகை இரண்டையும் போட்டோவையும் எடுத்துத் தனியாக வையுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் எந்த மதத்தாரானாலும் இது கட்டாயம் என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 90 நாள் தவணை. அது தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பெண் கோயம்புத்தூர் புறப்படும் முன்பே முடித்துவிட்டால் அலைச்சல் இல்லை.

மறுநாள் காலை வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அண்டா, குண்டான், வாளி, கரண்டி எல்லாவற்றையும் வாங்கும்போது எண்ணியது போலவே எண்ணிக் கொடுங்கள். ஒரு ஜல்லிக்கரண்டி குறையும். எப்போதும் குறையும்! எச்சில் இலை கொட்டிய இடத்தில் ஒரு முறை தேடிப் பாருங்கள்.